ஒட்டுத் தெரியும் பேராலயம்



ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் பேராலயத்துக்கு வழி கேட்க வேண்டியதில்லை. நிலையத்தின் வாசலைத் தாண்டியதுமே, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில், கறுத்துப்போன கல்லில் இரட்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. உயரம் 157 மீட்டர். ஆலயத்தின் நீளம் 144 மீட்டர். உள்ளே நடுக்கூடத்தின் மேல்வளைவு 43 மீட்டருக்கு மேலே இருக்கிறது. எந்த வழிகாட்டி நூலைப் புரட்டினாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 1248இல் அடிக்கல், 1880இல் நிறைவு, ஆக 632 ஆண்டுக் கட்டுமானம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழும் சித்திரத்தில் பிழை இருக்கிறது. தாத்தா விட்ட இடத்தில் பேரன் உளியை எடுத்தான். ஒரே நம்பிக்கை, ஒரே நோக்கம், ஆறு நூற்றாண்டு இடையறாத உழைப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். நடந்தது அதுவல்ல. 1248இல் தொடங்கிய வேலை 1528 வாக்கில் நின்றுபோயிற்று. மறுபடி தொடங்கியது 1842இல். நடுவே 300 ஆண்டுகளுக்கு மேல் கட்டடம் வளரவே இல்லை. கிழக்கே முழுமையான பீடப்பகுதி, மேற்கே 60 மீட்டரைக்கூடத் தொடாமல் நின்ற தென்கோபுரம், இரண்டுக்கும் இடையே தற்காலிகக் கூரை வேய்ந்த தாழ்ந்த கூடம். பத்துப் பன்னிரண்டு தலைமுறை கொலோன்வாசிகள் பார்த்த ஆலயம் அதுதான்.

இன்று நான் முன்வைக்க விரும்பும் வாதம் ஒன்றே ஒன்று. கொலோன் பேராலயத்தை இடைக்காலம் நமக்கு அப்படியே விட்டுச்சென்ற சொத்தாகப் பார்ப்பது தவறு. வெவ்வேறு காலத்து மனிதர்கள், வெவ்வேறு தேவைகளுக்காக, ஒருவர் செய்ததன் மேல் இன்னொருவர் ஒட்டிக் கட்டிய கட்டடம் அது. அதைப் பார்க்கப் போகிறவர் முழுமையைக் கண்டு வாய்பிளந்து நிற்பதோடு திரும்பிவிடக் கூடாது. ஒட்டுப்போட்ட இடங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். கட்டடத்தின் பெருமை அந்த ஒட்டுகளால் குறைவதில்லை. அவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கே அது முழுதாகத் தன்னைக் காட்டும். இதற்கு மறுப்புகள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். முதலில் சான்றுகளைச் சொல்லிவிட்டு மறுப்புகளுக்கு வருகிறேன்.

தொடக்கத்திலிருந்தே இந்த ஆலயத்தில் பக்தியும் அதிகாரமும் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன. 1162இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா இத்தாலியின் மிலான் நகரத்தைப் பணியவைத்தார். இரண்டு ஆண்டு கழித்து, அவருடைய அமைச்சரும் கொலோன் பேராயருமான ரைனால்ட் ஃபான் டாஸல், மிலானில் இருந்த மூவரசர்களின் திருப்பண்டங்களைக் கொலோனுக்குக் கொண்டுவந்தார். குழந்தை இயேசுவைக் காண விண்மீன் காட்டிய வழியில் வந்த ஞானிகளின் எலும்புகள் என்று நம்பப்பட்டவை அவை. கிறிஸ்துவை முதலில் வணங்கிய அரசர்கள் எங்கே இருக்கிறார்களோ, அங்கே வந்து மண்டியிடுவது எந்த அரசனுக்கும் பெருமைதானே? ஆகன் நகரில் முடிசூடிய ஜெர்மானிய மன்னர்கள் அடுத்துக் கொலோனுக்கு வந்து வணங்குவது வழக்கமாயிற்று. வெர்டன் ஊர் நிக்கோலாஸ் என்ற பொற்கொல்லரின் பெயரோடு அறியப்படும் தங்கப் பேழை இன்றும் பீடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதன் முகப்பை நெருங்கிப் பாருங்கள். குழந்தையை நோக்கி மூன்று அரசர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நான்காவதாக ஒருவரும் நிற்கிறார். அவர் விவிலியத்தில் இல்லாதவர். பேழைக்குப் பொன் கொடுத்த மன்னர் நான்காம் ஓட்டோ. அரியணைக்கு வேறொருவரும் உரிமை கோரிய காலத்தில், வரிசையில் தானும் ஒருவன் என்று அவர் பொன்னிலேயே எழுதிவைத்துவிட்டார். ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே அதன் மிகப் புனிதமான பொருளில் அரசியல் இடம்பிடித்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1248 ஆகஸ்ட் 15 அன்று அடிக்கல் நாட்டிய பேராயர் கொன்ராட் ஃபான் ஹோக்ஸ்டாடன், அரசர்களை ஆக்கவும் அகற்றவும் முனைந்தவர். அந்த ஆண்டுகளில்தான் அப்போதைய பேரரசருக்கு எதிராக வேறு அரசர்களை நிறுத்தும் முயற்சியில் அவர் முன்னின்றார். அப்படிப்பட்டவருக்குப் பழைய பாணி ஆலயம் போதவில்லை. பிரான்சிலிருந்து புதிய முறையை வரவழைத்தார். பாரிசுக்கு அருகே சான் தெனி மடத்தில் 1140களில் தலையெடுத்த, கோதிக் எனப்படும் அந்த முறையின் சூட்சுமம் எளிது. அரைவட்ட வளைவுக்குப் பதில் கூர்வளைவு. கூரையின் பாரம் சுவர் முழுவதும் பரவாமல் விலா எலும்புகள் போன்ற கல்வரிகள் வழியே தூண்களுக்கு இறங்கும். தூண்கள் வெளியே தள்ளப்படாதபடி கட்டடத்துக்கு வெளியிலிருந்து வளைவு முட்டுகள் அவற்றைத் தாங்கிப் பிடிக்கும். சுவருக்குச் சுமக்கும் வேலை போய்விடுகிறது. சுமக்காத சுவரைக் கண்ணாடியாக்கிவிடலாம். கொலோனின் முதல் தலைமைக் கட்டடக்கலைஞரான கெர்ஹார்ட், பிரான்சின் அமியன் பேராலயத்தை நன்றாகப் படித்தவர் என்பது பீடப்பகுதியின் தரைவரைவைப் பார்த்தாலே விளங்கும். 1322இல் பீடப்பகுதி அர்ச்சிக்கப்பட்டது. அதற்குள் பேராயர்களின் நிலை தலைகீழாக மாறியிருந்தது. 1288இல் வோரிங்கன் போரில் பேராயரின் படையைத் தோற்கடித்த அணியில் கொலோன் நகரத்தாரும் இருந்தார்கள். பேராயர் நகரத்தின் மேல் இருந்த பிடியை இழந்தார். அவருடைய பேராலயம் மட்டும் அவரை விரும்பாத நகரத்தின் நடுவில் வளர்ந்துகொண்டிருந்தது.

பிறகு பணம் வற்றியது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்த இயக்கம் எழுந்ததும் யாத்திரிகர் வருகையும் காணிக்கையும் குறைந்தன. மறுமலர்ச்சிக் காலத்து ரசனைக்குக் கூர்வளைவுகள் பழங்கதையாகிவிட்டன. 1528 வாக்கில் வேலை நின்றது. கல் தூக்கும் மரப் பாரந்தூக்கியை மட்டும் தென்கோபுரத்தின் உச்சியிலிருந்து யாரும் இறக்கவில்லை. அது 1868 வரை அங்கேயே நின்றது. பழைய ஓவியங்களில் கொலோனை அடையாளம் காட்டுவது இரட்டைக் கோபுரமல்ல, மொட்டைக் கோபுரத்தின் மேல் கொக்கைப் போல் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் பாரந்தூக்கிதான். 18ஆம் நூற்றாண்டில் பீடப்பகுதியின் கோதிக் வேலைப்பாடுகள் சிலவற்றை ஆலய நிர்வாகமே உடைத்தெறிந்து அக்காலத்துப் புதுப்பாணியில் மாற்றிக்கொண்டது. 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை நகருக்குள் வந்தபோது ஆலயம் தீவனக் கிடங்காகப் பயன்பட்டது. சில ஆண்டுகளில் கொலோனின் பேராயர் பதவியே ஒழிக்கப்பட்டது. அப்போது யாரேனும் இடித்துக் கல்லை விற்றிருந்தால், ஐரோப்பா பெரிதாக அழுதிருக்கும் என்று சொல்வதற்கில்லை.

இடிந்து போயிருக்கக்கூடியதை எழுப்பியது பக்தி மட்டுமல்ல, வரலாற்றைப் பற்றிய ஒரு புதிய காதலும் கூடத்தான். நெப்போலியனின் வீழ்ச்சிக் காலத்தில் ஜெர்மன் மொழி பேசும் அறிவாளிகள் தங்களுக்கென ஒரு தேசச் சின்னம் தேடினார்கள். சுல்பிட்ஸ் புவாசரே என்ற கொலோன் வணிகக் குடும்பத்து இளைஞர் ஆலயத்தை அளந்து வரைவதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டு, கோதேயைப் போன்றவர்களையும் தன் பக்கம் இழுத்தார். 1814இல் எழுத்தாளர் யோசப் கோரஸ், பாதியில் நிற்கும் ஆலயம் சிதறிக்கிடக்கும் ஜெர்மனியின் உருவம், அதை முடிப்பது தேசக் கடமை என்ற பொருளில் எழுதினார். அதே ஆண்டு ஓர் அதிசயம் நடந்தது. மேற்கு முகப்பின் இடைக்கால வரைபடத்தில் பாதி டார்ம்ஸ்டாட் நகரில் கிடைத்தது. பரணில் பயறு காயவைக்க அதை விரித்திருந்தார்கள் என்று ஒரு கதை சொல்வதுண்டு. இரண்டு ஆண்டுகளில் மறு பாதி பாரிசில் அகப்பட்டது. தோல் தாள்களை ஒட்டி வரைந்த, சுமார் 4 மீட்டர் உயரமுள்ள அந்த வரைபடத்தில் இரண்டு கோபுரங்களும் சிலுவை முடி வரை நுணுக்கமாக இருந்தன. இன்று அது யோவான் சிற்றாலயத்தில் திரைக்குப் பின்னால் தொங்குகிறது. அதே சிற்றாலயத்தில்தான் அடிக்கல் நாட்டிய கொன்ராட்டின் கல்லறையும் இருக்கிறது. தொடங்கியவரும், அவருக்கு ஐந்தரை நூற்றாண்டுக்குப் பிறகு முடிக்கத் துணிந்தவர்களுக்கு ஆதாரமான தாளும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற அந்த இடத்தில் நிற்காமல் கடந்துபோகிறவர் ஆலயத்தின் பாதிக் கதையை விட்டுவிட்டார் என்றே சொல்வேன்.

பணம் எங்கிருந்து வந்தது? 1815இல் ரைன் நாடு பிரஷ்யாவின் கைக்கு வந்தது. மக்கள் கத்தோலிக்கர்; அரசு புராட்டஸ்டண்ட். கலப்புத் திருமணப் பிரச்சினையில் 1837இல் பிரஷ்ய அரசு கொலோன் பேராயரையே கைதுசெய்து பெரும் கொந்தளிப்பை வாங்கிக்கொண்டது. ஐந்தே ஆண்டுகளில், 1842 செப்டம்பர் 4 அன்று, மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் நேரில் வந்து மறு அடிக்கல் நாட்டினார். அவருக்கு இடைக்காலத்தின் மேல் உண்மையான மோகம் இருந்தது; கத்தோலிக்க மக்களைச் சமாதானப்படுத்த வேண்டிய தேவையும் இருந்தது. அரசு ஒரு பங்கைக் கொடுத்தது. குடிமக்கள் அதே ஆண்டில் தொடங்கிய ஆலயக் கட்டுமானச் சங்கம் நன்கொடை திரட்டியது. பின்னர் லாட்டரிச் சீட்டும் நடத்தியது. கவிஞர் ஹைன்ரிக் ஹைனே 1844இல் வெளியிட்ட ஜெர்மனிப் பயண நெடும்பாட்டில் இந்த முயற்சியைக் கிண்டல் செய்து, ஆலயம் முடியவே முடியாது, குதிரை லாயமாகத்தான் போகும் என்று ஆரூடம் சொன்னார். ஆரூடம் பொய்த்தது. ஆனால் அவருடைய சந்தேகத்தின் உட்கரு பொய்க்கவில்லை. 1880 அக்டோபர் 15 அன்று, மறு அடிக்கல் நாட்டிய மன்னரின் பிறந்தநாளில், பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் முன்னிலையில் நிறைவு விழா நடந்தபோது, பேராயர் பவுல் மெல்ஹர்ஸ் ஊரில் இல்லை. பிஸ்மார்க்கின் அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் நடந்த பிணக்கில் அவர் நாட்டைவிட்டே வெளியேறியிருந்தார். பேராலயத்தின் நிறைவு விழாவில் பேராயர் இல்லை. விழா யாருக்காக நடந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையா? கோபுரத்தில் தொங்கிய பேரரசர் மணிகூட, 1870–71 போரில் பிரான்சிடமிருந்து பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தது. 1918இல் அந்த மணியையே உருக்கிப் போருக்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஒலிக்கும் 24 டன் பேதுரு மணி 1923இல் வார்த்தது.

இந்த வரலாற்றைக் கண்ணால் படிக்கலாம் என்பதற்குக் கல்லே சாட்சி. இடைக்காலத்துப் பகுதிகளில் பெரும்பாலும் இருப்பது ரைன் கரையில் உள்ள டிராக்கன்ஃபெல்ஸ் மலையிலிருந்து படகில் வந்த டிராக்கைட் என்ற எரிமலைக் கல். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் விரற்கடை அளவுக்குப் பளபளக்கும் படிகங்கள் தெரியும். 1842இல் வேலையைத் தொடர்ந்தவர்களுக்கு அந்தக் கல் கிடைக்கவில்லை. காரணம் வேடிக்கையானது. பல நூற்றாண்டு கல் வெட்டியதில் மலை உச்சியிலிருந்த பாழடைந்த கோட்டையின் ஒரு பகுதி 1828இல் சரிந்தது. இடைக்காலத்தை நேசித்த அதே தலைமுறை, கோட்டையைக் காப்பாற்றக் கூக்குரல் எழுப்பிற்று. 1836இல் பிரஷ்ய அரசு மலையை விலைக்கு வாங்கி வெட்டுவதை நிறுத்தியது. ஆக, பழமையின் மேல் கொண்ட அன்பே பழைய கல்லில் ஆலயத்தை முடிக்க முடியாமல் செய்துவிட்டது. ஸ்வாபியாவின் ஷ்லைட்டார்ஃப் மணற்கல்லையும் பிற கற்களையும் வரவழைத்தார்கள். தொழிற்சாலைப் புகையிலிருந்த கந்தக அமிலத்துக்கு அந்த மணற்கல் தாக்குப்பிடிக்கவில்லை. இன்று ஆலயத்தின் பராமரிப்புப் பட்டறையில் மாற்றிக்கொண்டிருக்கும் கற்களில் பெரும்பகுதி இடைக்காலத்தவை அல்ல, 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மேற்கு வாசலில் வலப்புறம் உள்ள பேதுரு வாயில் மட்டும் 14ஆம் நூற்றாண்டினது. குறுக்குக்கூடத்தின் வடக்கு, தெற்கு முகப்புகளுக்கு இடைக்கால வரைபடமே இல்லை. தலைமைக் கட்டடக்கலைஞர் எர்ன்ஸ்ட் பிரெடரிக் ஸ்விர்னர் தாமே வடிவமைத்தார். கூரைச் சட்டகத்தையோ மரத்தில் செய்யாமல், 1860ஐ ஒட்டி, இரும்பில் போட்டார். பீடப்பகுதியைத் தனியே அடைத்து நின்ற இடைக்காலத் தடுப்புச்சுவரை 1863இல்தான் இடித்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கனவு கண்ட முழு உட்புறத்தை ஒரு மனிதக் கண் முதன்முதலாகப் பார்த்தது அந்த ஆண்டில்தான்.

இங்கே முதல் மறுப்பு எழும். அப்படியானால் இது போலிதானே? நீராவி இயந்திரக் காலத்தில் இரும்புக் கூரை போட்டு எழுப்பியதை இடைக்கால ஆலயம் என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினின் வழிவந்த அழகியல்வாதிகள், பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பது அதைக் கொல்வதற்குச் சமம் என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். இந்த மறுப்பில் ஒரு தவறான முன்முடிவு ஒளிந்திருக்கிறது. ஏதோ ஓர் ஆண்டில் கட்டடம் அசலாக இருந்தது, பிறகு கெட்டது என்று அது நினைக்கிறது. கொலோனில் அந்த அசல் ஆண்டு எது? 1322 என்றால் பீடப்பகுதி மட்டுமே ஆலயம். 1528 என்றால் மொட்டைக் கோபுரமும் பாரந்தூக்கியும்தான் அசல். போலி என்பது பிறர் செய்ததைத் தான் செய்ததாகவோ, இன்று செய்ததை அன்று செய்ததாகவோ காட்டி ஏமாற்றுவது. ஸ்விர்னரின் தலைமுறை யாரையும் ஏமாற்றவில்லை. கணக்கெழுதி, தேதியிட்டு, விழா எடுத்து, ஊரறியக் கட்டினார்கள். கொலோனைத் தேசிய ஜெர்மன் பாணி என்று அவர்கள் கொண்டாடியதுதான் ஏமாற்று. அதிலும் அவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொண்டார்கள். கோதிக் பிறந்தது பிரான்சில் என்பதை 1840களிலேயே ஜெர்மன் ஆய்வாளர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரரை வென்ற மகிழ்ச்சியைக் கொண்டாட எழுப்பிய தேசச் சின்னம் பிரெஞ்சு முறையில் எழுந்தது. இந்த முரண்பாட்டைக் கல்லிலிருந்து பிரித்தெடுக்க முடியாது, பிரித்தெடுக்கவும் வேண்டாம்.

இரண்டாம் உலகப்போரின் சான்று இன்னும் வலுவானது. 1942 மே 30 இரவு ஆயிரம் விமானங்களைக் கொண்டு நேசநாடுகள் தாக்கிய நகரம் கொலோன். போர் முடிந்தபோது நகரின் மையப்பகுதியில் பெரும்பாலானவை இடிந்துகிடக்க, ஆலயம் நின்றது. அற்புதம் என்றார்கள் நம்பிக்கையாளர்கள். விமானிகள் அடையாளத்துக்காக விட்டுவைத்தார்கள் என்றார்கள் மற்றவர்கள். ஆலயத்தின் மேலேயே 14 கனரகக் குண்டுகள் விழுந்திருக்கின்றன. மேல்வளைவுகள் பல சரிந்தன. குறி தவறாத விமானி என்ற கதை இதற்கு ஒத்துவராது. கட்டடம் நின்றதற்குக் காரணங்கள் உண்டு. அதன் பாரம் தூண்களிலும் முட்டுகளிலும் குவிந்திருந்ததால், இடையில் ஒரு துண்டு போனாலும் மற்றவை தாங்கின. தீயணைப்புக் காவலர்கள் கூரைமேல் இருந்து எரிகுண்டுகளை அணைத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூரைச் சட்டகம் இரும்பு. பற்றி எரிய மரம் இல்லை. 2019இல் பாரிசின் நோத்ர் தாம் ஆலயத்தில் இடைக்கால மரக்கூரை எரிந்து சாம்பலானதை நாம் பார்த்தோம். எது அசல் அல்ல என்று குறைசொன்னோமோ, அந்த 19ஆம் நூற்றாண்டு இரும்புதான் இடைக்காலக் கல்லைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு வகித்தது. ஒட்டு வெறும் ஒட்டல்ல, உயிரைத் தாங்கிய எலும்பு என்பதற்கு இது போதும்.

1943 நவம்பரில் ஒரு குண்டு வடகோபுரத்தின் மூலையில் முட்டுத்தூணைப் பெயர்த்துப் பெரிய குழியை ஏற்படுத்தியது. கோபுரம் சாய்ந்துவிடும் என்று அஞ்சி, கையில் கிடைத்த சுமார் 27,500 செங்கற்களை வைத்து அவசரமாக அடைத்தார்கள். கறுத்த கல் நடுவே சிவந்த செங்கல் திட்டு பல பத்தாண்டு அப்படியே இருந்தது. கொலோன்வாசிகளுக்கு அது போரின் நினைவுச்சின்னமாகவே ஆகிவிட்டது. 1990களின் நடுவில் ஆலயப் பட்டறை அதன்மேல் கல் போர்த்தத் தொடங்கி 2005இல் முடித்தது. செங்கற்கள் உள்ளே இருக்கின்றன, வெளியே தெரிவதில்லை. ஆலயம் என்பது வழிபாட்டு இடம், போர்க் கண்காட்சி அல்ல. பொறியியல்படியும் அந்த அடைப்பை மூடிவிடுவது நல்லது என்று பட்டறையின் பக்கம் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை மதிக்கிறேன். ஆனாலும் இழப்பு இழப்புதான். ஒரு நகரம் எப்படித் தன்னைப் பதற்றத்தில் காப்பாற்றிக்கொண்டது என்பதைச் சொன்ன ஒரே ஒட்டு அது. அதை மூடியபோது முன்பு கட்டியவர்கள் சொல்லாத ஒன்றை, அவர்களுடையதைப் போல் தோற்றமளிக்கும் கல்லால் சொல்லிவிட்டார்கள். நான் சொல்லும் அளவுகோலின்படி, இந்த ஒரு இடத்தில் பட்டறை தவறிழைத்தது.

இரண்டாவது மறுப்பு, பக்தர்களின் தரப்பிலிருந்து. இப்படி ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் அரசனையும் ஓர் ஆணையையும் தேடிக்கொண்டிருந்தால், எளிய மக்கள் நம்பிக்கையோடு கொண்டுவந்த காணிக்கை என்னாயிற்று? நியாயமான கேள்வி. மெழுகுவத்தி ஏற்றிவைத்து வணங்கியவர்களும், மலையிலிருந்து கல் இழுத்தவர்களும், 19ஆம் நூற்றாண்டில் லாட்டரிச் சீட்டு வாங்கிய வேலைக்காரர்களும் ஆலயத்தின் கணக்கில் இருக்கிறார்கள். அரசியலைச் சொல்வதால் அவர்கள் பொய்யாவதில்லை. ஆனால் பக்தியைச் சொல்கிறவர்கள் பக்தியின் இருட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பீடப்பகுதியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய 104 மர இருக்கைகள் இருக்கின்றன. கைவேலையில் அற்புதம். அவற்றில் ஒன்றில் யூதர்களைப் பன்றியோடு சேர்த்து இழிவுபடுத்தும் செதுக்கல் உண்டு. அதே ஆலயத்தின் சுவரில், யூதர்களுக்கு 1266இல் பேராயர் எங்கெல்பெர்ட் கொடுத்த பாதுகாப்பு உரிமைகளைப் பொறித்த கல்லும் இருக்கிறது. 1349இல் கொலோனின் யூதக் குடியிருப்பைக் கொள்ளையிட்டு அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள்; 1424இல் மீதமிருந்தவர்களை வெளியேற்றினார்கள். ஸ்டெஃபான் லாக்னர் 1440களில் வரைந்த புகழ்பெற்ற மூவரசர் பீட ஓவியத்தைப் பார்க்கப் பலர் வருகிறார்கள். அது முதலில் இருந்தது நகராட்சியின் சிற்றாலயத்தில். வெளியேற்றப்பட்ட யூதர்களின் தொழுகைக்கூடம் நின்ற இடத்தில் எழுந்த சிற்றாலயம் அது. 1810இல்தான் ஓவியம் இங்கே வந்தது. அந்த ஓவியத்தின் முன் நின்று அதன் நீலத்தையும் பொன்னையும் மட்டும் பார்த்துவிட்டுப் போவது பக்தியும் அல்ல, ரசனையும் அல்ல. பன்றிச் செதுக்கலை வெட்டி எறிய வேண்டுமென்று சிலர் சொல்கிறார்கள். பேராலயமோ, அதை வைத்துக்கொண்டே இன்றைய கலைஞர்களிடம் ஒரு பதில் படைப்பைக் கேட்டுப் போட்டி நடத்தியது. அதுவே சரியான வழி. வெட்டி எறிந்தால் ஆலயம் சுத்தமானதாகத் தோன்றும்; ஆனால் பொய் சொல்லும்.

மூன்றாவது மறுப்பு எதிர்ப்புறத்திலிருந்து வரும். ஒவ்வொரு காலமும் தன் பங்கைச் சேர்க்கலாம் என்றால், இன்றைக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்துவிட்டுப் போகலாமா? இதற்கு ரிக்டர் சன்னலை எடுத்துக்கொள்வோம். தெற்குக் குறுக்குக்கூடத்தின் பெரிய சன்னலில் இருந்த 1863ஆம் ஆண்டுக் கண்ணாடி ஓவியம் போரில் அழிந்தது. பிறகு வைத்த கண்ணாடி ஒளியைத் தாறுமாறாக உள்ளே விட்டது. 20ஆம் நூற்றாண்டு மறைசாட்சிகளின் உருவங்கள் வேண்டுமென்று முதலில் நினைத்திருந்த ஆலய நிர்வாகம், ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரிடம் பொறுப்பை ஒப்படைத்தது. 2007இல் அவர் கொடுத்தது உருவமே இல்லாத 11,000க்கும் மேற்பட்ட சதுரங்கள். 72 நிறங்கள், அவை ஆலயத்தின் பழைய கண்ணாடிகளிலிருந்து தேர்ந்தவை, எது எங்கே என்பதைக் கணினியின் தற்செயல் தேர்வு முடிவு செய்தது. கொலோனின் கர்தினால் யோவாகிம் மைஸ்னர், இது மசூதிக்கோ வேறொரு வழிபாட்டுக்கூடத்துக்கோ பொருந்தும் என்ற பொருளில் வெளிப்படையாகவே எதிர்த்தார். அவருடைய ஆட்சேபத்தை ரசனைக் குறைவு என்று தள்ளிவிடக் கூடாது. புனிதர்களின் முகங்களைக் கேட்ட இடத்தில் ஒரு தற்செயல் எண் விளையாட்டை வைத்தால், நம்பிக்கையாளர் கேள்வி கேட்பது நியாயமே. ஆனால் சன்னலின் நியாயமும் அதே அளவு வலுவானது. அது இடைக்கால உருவங்களைப் பார்த்து எழுதிய போலி உருவமாக இல்லை. ஆலயத்துக்குள் ஏற்கெனவே இருந்த நிறங்களிலிருந்து பிறந்தது. மாற்றியது அழிந்துபோனதை, எஞ்சியிருந்ததை அல்ல. கோதிக் கட்டடக்கலையின் முதல் வேலை என்ன? சுவரைக் கண்ணாடியாக்கி ஒளியை நிறமாக்குவது. அந்த வேலையை அது செய்கிறது. இங்கேதான் என் அளவுகோல் கிடைக்கிறது: புதிதாக வருவது பழையதைத் தொலைத்துவிட்டு இடம்பிடிக்கக் கூடாது, தான் எந்தக் காலத்தது என்பதை மறைக்கக் கூடாது, ஆலயத்தின் உள்ளமைப்பு கேட்கும் வேலையைச் செய்ய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் எதிர்க்கலாம். 18ஆம் நூற்றாண்டில் கோதிக் வேலைப்பாட்டை உடைத்தவர்கள் முதலாவதில் தவறினார்கள். செங்கல்லை மூடியவர்கள் இரண்டாவதில் தவறினார்கள். ரிக்டர் மூன்றிலும் தேறினார்.

கடைசி மறுப்பு ஒன்று உண்டு. சாதாரணமாகப் பார்க்க வருகிறவருக்கு இத்தனை விவரமும் எதற்கு? அண்ணாந்து பார்த்ததும் மனம் விம்முகிறதே, அது போதாதா? விம்மட்டும். ஆனால் விம்மல் ஆலயம் ஏற்படுத்த விரும்பிய விளைவு மட்டுமே. அது எப்படி ஏற்படுத்தப்படுகிறது என்று தெரியாமல் விம்முகிறவரை எந்த ஆட்சியும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். கொலோன் பேராலயத்தின் பேழையை ஓட்டோ பயன்படுத்தினார், ஆலயத்தைப் பிரஷ்ய மன்னர் பயன்படுத்தினார், பேரரசர் பயன்படுத்தினார். 2015 ஜனவரியில் குடியேறியவர்களுக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் தங்கள் பின்னணியாக அதைப் பயன்படுத்த வந்தபோது, ஆலய நிர்வாகம் வெளிவிளக்குகளை அணைத்துவிட்டது. கட்டடத்தின் அழகை யாருக்கும் ஏவல் செய்ய விடாமல் தடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு மட்டுமல்ல, பார்வையாளரின் பொறுப்பும்தான். யார் கட்டினார்கள், யார் பணத்தில், எந்தப் பயத்தில் என்று கேட்கத் தெரிந்தவரைப் பின்னணியாக்க முடியாது.

பாதுகாப்பு என்ற சொல்லையும் இந்தப் பார்வையோடு கேட்க வேண்டும். 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த ஆலயம் சேர்ந்தது. 2004இல் ஆபத்துக்குள்ளான சின்னங்களின் பட்டியலில் போட்டார்கள். ரைன் ஆற்றின் எதிர்க்கரையில் வரவிருந்த வானளாவிகள் ஆலயத்தின் தோற்றத்தைக் கெடுக்கும் என்பதே காரணம். நகராட்சி திட்டங்களைத் திருத்தியது. 2006இல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். தோற்றத்தைக் காப்பது நல்லதே. ஆனால் 157 மீட்டர் கோபுரத்தைக் காப்பது அதை எட்டத்தில் நின்று பார்க்க வசதி செய்துகொடுப்பதோடு முடிவதில்லை. தினந்தோறும் கல் தட்டும் கொத்தர்கள், கண்ணாடி பொருத்துகிறவர்கள், கூரை வேலைக்காரர்கள் என்று ஏறத்தாழ நூறு பேர் வேலை செய்யும் ஆலயப் பட்டறைதான் கொலோனின் நிஜப் பாதுகாப்பு. 1842இல் குடிமக்கள் தொடங்கிய அதே சங்கம் இன்றும் அந்தச் செலவில் பெரும்பங்கைத் தாங்குகிறது. புகை அரித்த கல்லை மாற்றாமல் விட்டால் அடுத்த தலைமுறைக்கு ஆலயம் மிஞ்சாது. மாற்றுகிறபோது எந்தக் கல் எந்த ஆண்டில் வந்தது என்று எழுதிவைக்காமல் விட்டால் வரலாறு மிஞ்சாது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் பட்டறைக்குப் பணம் கொடுப்பதும், அதன் வேலையை மறைக்காமல் பார்வையாளருக்குக் காட்டச் சொல்வதும் ஒரே கடமையின் இரண்டு பாதிகள். பழைய கட்டடம் எங்கே நின்றாலும், அதைப் பொறுப்போடு வைத்துக்கொள்கிறார்களா என்பதை இந்த இரண்டையும் வைத்தே நாம் தீர்மானிக்க வேண்டும்.